பிள்ளையளோட பிளேன் ஏறுற அம்மா அப்பாவுக்கு: உங்கட சொந்தக் கைப்பாக்கை எப்பிடி அடுக்குறது

வெள்ளவத்தையிலயோ கொட்டாஞ்சேனையிலயோ ஒரு குடும்பம் பிள்ளையளோட லண்டனுக்கு, கனடாவுக்கு, மெல்பேர்னுக்குப் போகுது எண்டா ரெண்டு கிழமைக்கு முதலே வீட்டில லிஸ்ட் போடத் தொடங்கிடும். பாம்பேர்ஸ் எத்தினை, பால்மா எவ்வளவு, எந்த விளையாட்டுச் சாமான், எந்தப் போர்வை இல்லாட்டி சின்னவன் நித்திரை கொள்ள மாட்டான், எல்லாம் அந்த லிஸ்டில இருக்கும். அம்மாவின்ட அப்பாவின்ட சாமான் மட்டும் அதில இருக்காது. கடைசி நேரத்தில கண்ணாடி ஒரு பாக்கில, குளிசை இன்னொரு பாக்கில, சாஜர் சூட்கேஸுக்குள்ள எண்டு போய் ஒளிஞ்சிடும். நான் எழுதுறது அந்த விடுபட்ட பாக்கைப் பற்றி, அதாவது பெரிய ஆளுக்கெண்டு இருக்க வேண்டிய கைப்பாக்.

எல்லாத்துக்கும் ஒரே ஒரு அளவுகோல்தான். பிள்ளை உங்கட மடியில நித்திரை, ஒரு கை பிள்ளையின்ட தலைக்குக் கீழ, சீட் பெல்ட் லைட் எரியுது, எழும்ப ஏலாது. அந்த நேரத்தில இந்தச் சாமான் தேவைப்படுமா, மற்றக் கையால எடுக்க ஏலுமா? தேவைப்படுமெண்டா அது உங்கட பாக்கில இருக்கோணும், கைக்கு எட்டுற இடத்தில இருக்கோணும். இறங்கும் வரைக்கும் தேவைப்படாத சாமான் எண்டா அது ட்ரொலிப் பாக்குக்கோ சூட்கேஸுக்கோ போகோணும். இதை மனசில வைச்சுக்கொண்டு அடுக்கினா முக்கால்வாசி குழப்பம் தானா தீந்திடும்.

முதல் வேலை, பாக்கைத் தெரிவு செய்யுறது

எகொனமியில ஹான்ட் லக்கேஜ் ஸ்ரீலங்கன், எமிரேட்ஸ், கட்டார் எயார்வேஸ் எல்லாத்திலயும் ஆளுக்கு 7 கிலோ. உங்கட டிக்கெட்டுக்கு என்ன போட்டிருக்கு, கைக்குழந்தைக்கு தனியா எவ்வளவு விடுவினம் எண்டதை டிக்கெட்டிலயே பாத்துக்கொள்ளுங்கோ, ஏனெண்டா மலிவு டிக்கெட்டுகளில இது மாறும். வீட்டில ஒரு கொக்கித் தராசு இருந்தா நல்லம், புறக்கோட்டையில மலிவா வாங்கலாம். கவுண்டரில நிண்டு பாக்கைத் திறந்து உள்ளுடுப்பை எல்லாருக்கும் காட்டி சாமான் மாத்துற வேலை பிள்ளையளோட வேண்டவே வேண்டாம்.

உங்கட பாக் சின்னதா இருக்கோணும், குறுக்கால தோளில போடுற பாக்கோ சின்ன முதுகுப் பையோ, எல்லாம் போட்டும் ரெண்டு ரெண்டரை கிலோவுக்கு மேல போகக் கூடாது. மேல ஸிப் இருக்கிறதா எடுங்கோ, காந்தப் பட்டன் போட்ட திறந்த ஹான்ட்பாக் முன் சீட்டுக்குக் கீழ சரிஞ்சா லிப் பாம் மூண்டு வரிசை தள்ளி உருண்டு போகும். உள்ளுக்க துணி வெளிர் நிறமா இருந்தா இன்னும் நல்லம். ராத்திரி பிளைட்டில லைட்டை அணைச்ச பிறகு கறுத்த பாக்குக்குள்ள கறுத்த சாஜரைத் தேடுறது லேசான வேலையில்ல.

இதில கனபேருக்குத் தெரியாத ஒரு விசயம் இருக்கு. கைக்குழந்தைக்கு தொட்டில் வேணுமெண்டு கேட்டு முன் சுவரோட இருக்கிற சீட்டை எடுப்பீங்கள், நல்ல சீட்தான், ஆனா உங்களுக்கு முன்னால சீட் இல்லாதபடியா பாக் வைக்க இடமும் இல்ல. பிளேன் ஏறேக்கயும் இறங்கேக்கயும் எல்லா பாக்கும் மேல லொக்கருக்குள்ள போயிடும், சீட் பெல்ட் லைட் அணையும் மட்டும் நீங்கள் எழும்பி எடுக்கவும் ஏலாது. பிள்ளை காது அடைச்சு கத்துறதும் சரியா அந்த நேரம்தான். அதால தொட்டில் சீட் எடுத்தவை பாக்குக்குள்ள இன்னொரு சின்ன துணிப் பை வையுங்கோ, அதில டிஷூ, பால் போத்தில், ஒரு சொப்பின் பாக், ஒரு டொபி, இவ்வளவும் போதும், ஏறின உடன அதை மட்டும் வெளியில எடுத்து உங்களோட வைச்சுக்கொள்ளுங்கோ, இல்லாட்டி ஜக்கட் பொக்கட்டில போட்டுக்கொள்ளுங்கோ.

ரெண்டாவது, கடிதாசியள்

பாஸ்போட் எல்லாம் ஒரே ஆளிட்ட ஒரே இடத்தில. இதுக்கு கழுத்தில தொங்குற சின்ன பவுச் ஒண்டு வாங்குங்கோ, பாக்கோட சேர்க்காதேங்கோ. பாஸ்போட், போர்டிங் பாஸ், விசா பிரிண்ட், பிள்ளையளின்ட பிறப்புச் சான்றிதழின்ட கொப்பி (இங்கிலிஷ் மொழிபெயர்ப்போட), ஒரு பேனை. அம்மா மட்டுமோ அப்பா மட்டுமோ பிள்ளையளோட போறீங்கள் எண்டா மற்றவர் சம்மதம் சொல்லி கையெழுத்து வைச்ச கடிதமும் வேணும். கனடா போடர்ல இதைக் கேக்கிறது வழக்கம், பெயர் வேற வேறயா இருக்கிற எங்கட ஆக்களுக்கு இன்னும் கட்டாயம், ஏனெண்டா தகப்பன்ட பேர் பிள்ளைக்கு கடைசிப் பேரா வரும், தாயின்ட பாஸ்போட்டில அவவின்ட தகப்பன்ட பேர் இருக்கும், வெள்ளைக்கார அதிகாரிக்கு இது விளங்காது. பிறப்புச் சான்றிதழை நீட்டினா ஒரு நிமிசத்தில கதை முடிஞ்சிடும்.

கூட்டிக்கொண்டு போக வாற ஆளின்ட நம்பரும் தங்கப் போற விலாசமும் பேப்பரில எழுதி அதே பவுச்சில வையுங்கோ. போன் சாஜ் இறங்கினாலோ ரோமிங் வேலை செய்யாட்டிலோ அந்தப் பேப்பர்தான் கை குடுக்கும். நகை கொண்டு போறவை சூட்கேஸுக்குள்ள போடவே வேண்டாம், உங்கட கைப்பாக்கின்ட உள் ஸிப்புக்குள்ள போடுங்கோ.

மூண்டாவது, உங்களுக்கு ஒரு மாத்து உடுப்பு

பிள்ளைக்கு மூண்டு செட் கொண்டு போவினம், தங்களுக்கு ஒண்டும் கொண்டு போக மாட்டினம். பிள்ளை சத்தி எடுத்தா அது விழுறது யாரின்ட மேல? தூக்கி வைச்சிருக்கிற ஆளின்ட மேலதான். கொழும்பில இருந்து லண்டன் நேரடியா கிட்டத்தட்ட 11 மணித்தியாலம். டொரொண்டோ எண்டா டோஹாவோ துபாயோ போய் மாறி அங்கால இன்னும் 14 மணித்தியாலம் அளவில. புளிச்ச பால் மணக்கிற சேட்டோட அவ்வளவு நேரம் இருக்க ஏலாது, பக்கத்தில இருக்கிற ஆளுக்கும் பாவம்.

எப்பிடி அடுக்குறது எண்டா, ஒரு பெரிய ஸிப்லொக் பாக் எடுங்கோ. ஒரு கறுப்பு இல்லாட்டி கடும் நீல ரீசேட்டை விரிச்சு, அதுக்கு மேல மெல்லிய பாண்டோ லெகின்ஸோ, அதுக்கு மேல உள்ளுடுப்பு, ஒரு சோடி சொக்ஸ், எல்லாத்தையும் சேத்து கீழ இருந்து இறுக்கமா சுருட்டுங்கோ. ஸிப்லொக்குக்குள்ள போட்டு மேல ஏறி இருந்து காத்தை வெளியேத்தி மூடினா அரைவாசி தடிப்புக்கு வந்திடும். அதோட பத்து வெட் டிஷூ இருக்கிற சின்ன பக்கெட் ஒண்டும் உள்ளுக்கயே போடுங்கோ. பிளேன் டொய்லட் எவ்வளவு சின்னது எண்டு தெரியும்தானே, அங்க முழுப் பாக்கையும் கொண்டு போய் வைக்க இடமில்ல, இந்த ஒரு சுருளை மட்டும் தூக்கிக்கொண்டு போங்கோ, துடைச்சு, மாத்தி, ஊத்தையான உடுப்பை அதே ஸிப்லொக்குக்குள்ள போட்டு மூடினா மணம் வெளியில வராது. சாதாரண சொப்பின் பாக்கில முடிச்சுப் போட்டா மணம் வரும், பாத்துக்கொள்ளுங்கோ.

பால் குடுக்கிற அம்மாமார் முன்னால பட்டன் திறக்கிற மேல்சட்டையா மாத்து உடுப்பை எடுங்கோ, பிரெஸ்ட் பாட் நாலைஞ்சு கூடுதலா, பெரிய பருத்திச் சால்வை ஒண்டு. சால்வை மறைப்பு, போர்வை, தலகாணி, நிலத்தில விரிக்கிற துணி எல்லாத்துக்கும் உதவும், கம்பளிச் சால்வை வேண்டாம், தோய்ச்சா காயாது.

நாலாவது, மருந்து

தினமும் போடுற குளிசை, பிரஷர், சீனி, தைரொயிட், ஆஸ்த்மா பம்ப், எதுவெண்டாலும் கைப்பாக்கில. சூட்கேஸில போட்டா சூட்கேஸ் ஒரு நாள் பிந்தி வந்தா மருந்தும் பிந்தித்தான் வரும். இன்சுலின் சூட்கேஸில போடவே கூடாது, கீழ சாமான் அறையில உறைஞ்சு போகக் கூடும், உறைஞ்ச இன்சுலினைப் பாவிக்க ஏலாது. ரெண்டு மூண்டு நாளுக்குக் கூடுதலா கொண்டு போங்கோ, பாமசி ஒட்டின லேபலோட பழைய பெட்டியிலயே வையுங்கோ, டொக்டர் எழுதின துண்டின்ட போட்டோ போனில இருக்கட்டும். துபாய் வழியா போறவை கோடீன், ட்ரமடோல் கலந்த மருந்து இருந்தா டொக்டரின்ட கடிதமும் அந்த நாட்டு முன் அனுமதியும் இல்லாம கொண்டு போக வேண்டாம், அங்க சட்டம் கடுமை.

நேரம் மாறுறதையும் யோசியுங்கோ. டொரொண்டோ எங்களை விட ஒன்பதரை இல்லாட்டி பத்தரை மணித்தியாலம் பின்னால, லண்டன் நாலரை இல்லாட்டி அஞ்சரை. ராத்திரிக் குளிசையை எப்ப போடுறது எண்டு நடு வானத்தில கணக்குப் பாக்க ஏலாது, முதலே டொக்டரிட்ட கேட்டு எழுதி வையுங்கோ, போனில ரெண்டாவது மணிக்கூட்டை கொழும்பு நேரத்துக்கு வையுங்கோ.

இதைத் தவிர உங்களுக்கெண்டு பனடோல் ஒரு கார்ட், ஜீவனி (தண்ணியில கரைச்சுக் குடிக்கிற உப்புச்சீனித் தூள்) ரெண்டு பக்கெட், சித்தாலேப்ப சின்னக் குப்பி, பிளாஸ்டர் ரெண்டு. சித்தாலேப்பவை பிளேனுக்குள்ள கொஞ்சமா பூசுங்கோ, மணம் எல்லாருக்கும் ஒத்து வராது. பிள்ளையை நித்திரையாக்க மருந்து குடுக்கச் சொல்லி யாராவது சொன்னா கேக்காதேங்கோ. ப்ரொமெத்தசீன் இருக்கிற மருந்து ரெண்டு வயசுக்குக் கீழ குடுக்கவே கூடாது, மூச்சை அடக்கிப் போடும்.

பிள்ளை பிறந்து 6 கிழமைக்குள்ள நீண்ட பிளைட் ஏறுற அம்மாமாருக்கு காலில இரத்தம் கட்டியாகிற ஆபத்து மற்றவையை விடக் கூட, சிசேரியன் எண்டா இன்னும் கவனம். இறுக்கமான ஸ்டொக்கிங் வேணுமா எண்டு டொக்டரிட்ட கேட்டு, போடச் சொன்னா வீட்டிலயே போட்டுக்கொண்டு வெளிக்கிடுங்கோ. இதைப் பற்றி எங்கட வீடுகளில ஒருத்தரும் கதைக்கிறதில்ல, குழந்தைக்கு பறக்க ஏலுமா எண்டு மட்டும்தான் கேப்பினம், தாய்க்கு ஏலுமா எண்டும் கேக்கோணும்.

அஞ்சாவது, தண்ணியும் சாப்பாடும்

பிளேனுக்குள்ள காத்து நல்லா காஞ்சிருக்கும், ஈரப்பதன் பொதுவா 20 வீதத்துக்கும் கீழ. அழுத்தமும் குறைவு, கூடினது 8,000 அடி உயரத்தில நிக்கிற மாதிரி வைச்சிருப்பினம், அதாவது நுவரெலியா டவுனை விட உயரம். அதாலதான் பிஸ்கட் பக்கெட் ஊதிப் போகும், மூடி சரியில்லாத கிறீம் ரியூப் ஒழுகும், பால் போத்திலைத் திறந்தா சீறும். ஒழுகக் கூடிய சாமான் எல்லாத்தையும் ஸிப்லொக்குக்குள்ள வையுங்கோ, போத்திலை நேரா பிடிச்சு மெதுவா திறவுங்கோ.

வெறும் போத்தில் ஒண்டு கொண்டு போங்கோ, கடைசி செக்கிங் தாண்டின பிறகு நிரப்புங்கோ. நிரப்ப இடம் கிடைக்காட்டி பிளேன் ஏறின பிறகு குரூவிட்ட குடுத்தா ஊத்தித் தருவினம். கைப்பாக்கில திரவம் எண்டா ஒண்டு 100 மில்லிக்கு மேல போகக் கூடாது, எல்லாம் சேத்து 1 லீட்டர் பிடிக்கிற தெரியக்கூடிய பைக்குள்ள அடங்கோணும். 2006 இல லண்டன்ல இருந்து போற பிளேன்களை திரவக் குண்டால தகர்க்கப் போட்ட திட்டம் பிடிபட்ட பிறகு வந்த சட்டம் இது. பிள்ளையின்ட பாலும், பயணத்துக்குத் தேவையான மருந்தும் இதில விலக்கு, ஆனா தனியா எடுத்துக் காட்டோணும். தயிர், ஜாம், எண்ணெய் மிதக்கிற சீனிச் சம்பல், ஊறுகாய் எல்லாம் திரவக் கணக்கிலதான் சேரும், சூட்கேஸுக்குள்ள போடுங்கோ.

உங்கட வயித்துக்கு எண்டு தனியா சாப்பாடு வையுங்கோ, பிள்ளையின்ட மிச்சத்தில இருக்கலாம் எண்டு நினைக்காதேங்கோ. சாப்பாட்டுத் தட்டு வாற நேரம் பிள்ளை மடியில நித்திரையா இருந்தா சாப்பிட ஏலாது, பிறகு தாங்கோ எண்டு கேட்டு வைக்கலாம்தான், ஆனா எப்ப கிடைக்கும் எண்டு தெரியாது. எள்ளுருண்டை எனக்குப் பிடிச்ச தெரிவு, பேப்பர் சுத்தி இருக்கும், ஒரு கையால உரிக்கலாம், கொட்டாது, வயிறு நிறையும். பேரீச்சம்பழம், கிறீம் கிறாக்கரும் நல்லம். கச்சான் வேண்டாம், பக்கத்து சீட்டில அலர்ஜி இருக்கிற பிள்ளை இருந்தா வில்லங்கம். மாலுபாண், ரோல்ஸ் எல்லாம் ஏறி ரெண்டு மூண்டு மணித்தியாலத்துக்குள்ள சாப்பிட்டு முடிக்கக் கூடிய அளவுக்கு மட்டும். நாலு இஞ்சி டொபி கைக்கு எட்டுற இடத்தில இருக்கட்டும், இறங்கேக்க பிள்ளை பால் குடிக்கிற மாதிரி உங்களுக்கும் எதையாவது விழுங்கினாத்தான் காது திறக்கும்.

மூடி இருக்கிற கப் ஒண்டும் வையுங்கோ. பிள்ளையை மடியில வைச்சுக்கொண்டு திறந்த கப்பில சுடு தேத்தண்ணி வாங்குறது ஆபத்து, ஒரு சின்னக் கை தட்டினா போதும், தொடை வெந்திடும். தேத்தண்ணியை உங்கட கப்பில அரைவாசி மட்டும் ஊத்தச் சொல்லுங்கோ.

ஆறாவது, போனும் பவர் பாங்கும்

பவர் பாங்க் கைப்பாக்கில மட்டும்தான், சூட்கேஸில போட்டா சூட்கேஸை நிப்பாட்டிப் போடுவினம். 100 வாட் அவர் (Wh, பவர் பாங்கில எழுதியிருக்கிற மின் அளவு) வரைக்கும் அனுமதி கேக்கத் தேவையில்ல. சாதாரண 20,000 எம்ஏஎச் பாங்க் எண்டா கிட்டத்தட்ட 74 வாட் அவர், பிரச்சினை இல்ல, ஆனா அந்த எழுத்து அழிஞ்சிருந்தா செக்கிங்கில வாங்கி வைச்சிடக் கூடும், தெளிவா எழுதியிருக்கிறதா கொண்டு போங்கோ. சில எயார்லைன் இப்ப பிளேனுக்குள்ள பவர் பாங்க்கைப் பாவிக்கவே விடுறதில்ல, எமிரேட்ஸ் 2025 ஒக்டோபரில இருந்து அப்பிடி. அதால வீட்டிலயே போனை முழுசா சாஜ் பண்ணி, கேபிளையும் வையுங்கோ, கன பிளேனில சீட்டுக்கு யூஎஸ்பி இருக்கும். பிள்ளைக்குக் காட்டுற கார்ட்டூன் உங்கட போனில வேண்டாம், டப்பில போடுங்கோ, உங்கட போன் சாஜ் உங்களுக்குத்தான் தேவை.

மற்றதெல்லாம் சின்னச் சாமான். பல்லுத் தூரிகை, குட்டிப் பேஸ்ட், லிப் பாம், தலைமயிர் கட்டுற பாண்ட், சானிடரி பாட், காதுக்கு வைக்கிற பஞ்சு, கண்ணாடிப் பெட்டி. கொன்டக்ட் லென்ஸ் போடுறவை அண்டைக்கு கண்ணாடியோட போங்கோ, காஞ்ச காத்தில கண் எரியும். லப்டொப், தடிச்ச புத்தகம், பெரிய கமெரா வேண்டாம். சின்னப் பிள்ளையளோட போற பிளைட்டில அதுக்கு நேரம் கிடைக்காது, தோள்தான் நோகும்.

ரெண்டு பேரும் சேந்து போறீங்கள் எண்டா ரெண்டு பேருக்கும் தனித்தனி பாக். அம்மாவின்ட பாக்கிலயே எல்லாத்தையும் போட்டுட்டு அப்பா கையை வீசிக்கொண்டு நடக்கிற வழக்கத்தை நிப்பாட்டுங்கோ. சீட் பிரிஞ்சு கிடைச்சா அப்பாவோட இருக்கிற பிள்ளைக்கும் டிஷூவும் பாம்பேர்ஸும் வேணும், அவருக்கும் மாத்துச் சேட் வேணும். அம்மம்மாவும் கூட வந்தா அவவின்ட குளிசை அவவின்ட பாக்கிலயே இருக்கட்டும், எந்த நேரத்துக்கு எது எண்டு தமிழில எழுதி ஒட்டுங்கோ.

வெளிக்கிட முதல் நாள்

கதிரையில இருந்து பாக்கை காலடியில வைச்சு, மடியில பிள்ளையை, இல்லாட்டி தலகாணியை வைச்சுக்கொண்டு ஒரு கையால ஒவ்வொண்டா எடுத்துப் பாருங்கோ. டிஷூ, தண்ணி, மாத்து உடுப்புச் சுருள், குளிசை, டொபி. எது எடுக்க மினக்கெடுதோ அதை மேல கொண்டு வாங்கோ. பிறகு ஒருத்தரும் அந்தப் பாக்கில கை வைக்க விடாதேங்கோ, வழியனுப்ப வாற மாமி கடைசி நேரத்தில நீட்டுற முறுக்குப் பார்சலுக்கும் அதில இடமில்ல, அது ட்ரொலிக்கு.

கட்டுநாயக்கவில டெர்மினல் வாசல்லயே ஒருக்கா ஸ்கேன், பிளேன் ஏற முதல் இன்னொருக்கா. ரெண்டாவதுக்கு திரவப் பையும் பிள்ளையின்ட பாலும் ஒரே இழுவையில எடுக்கக் கூடிய மாதிரி மேல இருக்கோணும். கழட்டி மாட்ட லேசான சப்பாத்துப் போடுங்கோ. மேல லொக்கர் நிறைஞ்சு போச்சு எண்டு கேட்டில வைச்சு ட்ரொலியை வாங்கி கீழ அனுப்பினா பயப்பட வேண்டாம், ஆனா குடுக்க முதல் அதுக்குள்ள பவர் பாங்க், மருந்து, நகை ஒண்டும் இல்லை எண்டு பாருங்கோ. பிராமைக் குடுக்கேக்கயும் அப்பிடித்தான், அதின்ட கீழ்க் கூடையில எதையாவது செருகி வைச்சிருப்பீங்கள்.

இறங்க முக்கால் மணித்தியாலம் இருக்கேக்க, சீட் பெல்ட் லைட் எரிய முதல், ஒருக்கா டொய்லட் போய் வந்து பாக்கைத் திருப்பி அடுக்குங்கோ. சீட் பொக்கட்டுக்குள்ள கை விட்டுத் துழாவுங்கோ, கண்ணாடியும் போனும் விடுபடுற இடம் அதுதான். ஊத்தை உடுப்பு கீழ, பவுச் கழுத்தில, ஜக்கட் மேல. ஒஸ்ரேலியாவுக்குப் போறவை மிஞ்சின பழம், பால் சாமான், மாலுபாண் எல்லாத்தையும் பிளேனிலயே விட்டுட்டு இறங்குங்கோ. எள்ளுருண்டை மாதிரி எது மிச்சம் இருந்தாலும் அவை தாற கார்டில சாப்பாட்டுச் சாமான் இருக்கு எண்டு போட்டு அதிகாரியிட்ட காட்டுங்கோ, கொண்டு போகலாம் எண்டா திருப்பித் தருவினம், காட்டாம பிடிபட்டா அந்த இடத்திலயே தண்டம் அடிப்பினம்.